கிளவுஸ் தொட நீட்டிய கையாலேயே குத்துவது திறமையா?

இடதுகைக்காரன்:
சனிக்கிழமை குத்துச்சண்டை ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சி மோதலில், நடந்தது. இரண்டாவது ரவுண்ட் மணி அடித்ததும் எதிரில் இருந்த சீனியர் கிளவுஸ் தொட இடது கையை நீட்டினார். நானும் நீட்டினேன். அதே கை மடங்கி, பக்கவாட்டில் வளைந்து வரும் ஹுக்காக என் தாடையில் விழுந்தது. உதட்டின் உள்பக்கம் கிழிந்து, மவுத்கார்டைக் கழற்றினால் ஒரே ரத்தம். கேட்டதற்கு, "மணி அடித்த பிறகு கார்டை, முகத்தைக் காக்கும் கையை, இறக்கியது உன் தப்பு" என்றார். பாவ்லாவுக்கு ஏமாந்து அடி வாங்கினால் எனக்குக் கோபமே வராது. இது வேறு என்று மனசுக்குத் தெரிகிறது, ஏன் வேறு என்று சொல்லத்தான் வரவில்லை.

ரிங்சைடு72:
தம்பி, வலி புரிகிறது. ஆனாலும் சீனியர் சொன்னதுதான் சரி. 2011 செப்டம்பரில் லாஸ் வேகாஸில் மேவெதரும் ஆர்டிஸும் மோதிய ஆட்டத்தைப் பாருங்கள். 4வது ரவுண்டில் ஆர்டிஸ் வேண்டுமென்றே தலையால் முட்டினார். நடுவர் ஜோ கார்டெஸ் ஒரு புள்ளியைக் குறைத்தார். ஆர்டிஸ் கன்னத்தில் முத்தம்கூடக் கொடுத்து மன்னிப்புக் கேட்டார். ஆட்டம் திரும்பத் தொடங்கிய பிறகும் இன்னொரு தடவை கட்டிப்பிடித்துவிட்டு, கையைத் தொங்கப்போட்டபடி விலகினார். மேவெதர் ஒரு லெஃப்ட் ஹுக், ஒரு ரைட். நாக் அவுட். வெற்றி செல்லும் என்றே ஆனது. எந்நேரமும் உன்னைக் காத்துக்கொள் என்று நடுவர்கள் சொல்லி அனுப்புவது சும்மா இல்லை.

கம்புக்காரர்:
சட்டப்படி செல்லும், மறுக்கவில்லை. ஆனால் அந்த நொடியில் கார்டெஸ் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அது பட்டத்துக்கான சண்டை, அதுவும் ஒருவன் முட்டிவிட்டு வந்த சூட்டில். சனிக்கிழமைப் பயிற்சிக்கு அதை ஏன் இழுக்க வேண்டும்? நான் சிலம்பக்காரன். தலைக்கு ஓங்குவதுபோல் பாவ்லா காட்டி முழங்காலைத் தொடுவேன். ஏமாந்தவன் அடுத்த வாரம் கம்பைப் பார்க்காமல் என் தோளைப் பார்ப்பான். அவனுக்கு வித்தை ஏறும். வணக்கமாகச் சலாம் வரிசை போடும்போது அடித்தால் என்ன ஏறும்? எனக்கு வணக்கம் வைக்கக் கூடாது என்பது மட்டும்தான்.

ரிங்சைடு72:
அதுவும் ஒரு பாடம்தானே அண்ணே? 1974இல் கின்ஷாசாவில் அலி கயிற்றில் சாய்ந்து, அடி வாங்கித் தளர்ந்தவர்போல் தெரிந்தார். 8வது ரவுண்டில் ஃபோர்மனைச் சாய்த்தார். அதைக் கொண்டாடுகிறோம். தம்பி வாங்கியது மட்டும் துரோகமா? எல்லைக்கோட்டை எங்கே போடுவீர்கள்?

வாள்முனை:
1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் போடலாம். வாள்சண்டையும் சேர்ந்த ஐந்து விளையாட்டுப் போட்டியான நவீன பென்டாத்லானில் சோவியத் வீரர் ஓனிஷ்சென்கோ தன் வாளின் பிடிக்குள் ஒரு சுவிட்ச் ஒளித்து வைத்திருந்தார். வாள் எதிராளி மேல் பட்டால் எரிய வேண்டிய விளக்கு, படாமலே எரிந்தது. பிரிட்டனின் ஜிம் ஃபாக்ஸ் முறையிட, அவரை வெளியேற்றினார்கள். அலியிடம் ஃபோர்மன் ஏமாந்தது தன் கணிப்பால். குத்துவதை நிறுத்தி யோசித்திருக்கலாம். விளக்கே பொய் சொன்னால் எதிராளி என்ன செய்ய முடியும்? கிளவுஸ் தொடுவது, இந்த ஒரு நொடி நாம் சண்டை போடவில்லை என்று இரண்டு பேரும் சொல்லிக்கொள்வது. அதில் பொய் நுழைந்தால் மற்ற சைகைகளுக்கும் அதே கதிதான். நான் பயிற்சியில் மாஸ்க் கழன்று கை தூக்கியிருக்கிறேன். எதிரில் இருந்தவள் அந்தக் கையை நம்பி உடனே நின்றாள், அதனால்தான் என் கண் தப்பியது.

ரிங்சைடு72:
கை தூக்குவதை நான் நினைத்தே பார்க்கவில்லை. சரி, ஸ்பாரிங்கில் கூடாது, ஒத்துக்கொள்கிறேன். மேவெதர் செய்ததில் தப்பில்லை என்பதை மட்டும் விட மாட்டேன்.

கம்புக்காரர்:
அதில் நானும் உங்களோடு சேர மாட்டேன்.

இடதுகைக்காரன்:
திங்கட்கிழமை மறுபடி அவரோடுதான் ஜோடி. கோச் முன்னாலேயே கேட்கப் போகிறேன்: நான் நிறுத்தச் சொல்லிக் கை தூக்கினால் நிறுத்துவீர்களா அண்ணா? நீங்கள் தூக்கினால் நான் நிறுத்தலாமா?