பழைய கேம் தொகுப்புகள்: காசு கொடுத்து வாங்கலாமா?

எட்டுபிட்:
கேசில்வேனியா ஆனிவர்சரி கலெக்‌ஷன், கான்ட்ரா ஆனிவர்சரி கலெக்‌ஷன், சோனிக் ஒரிஜின்ஸ், மூன்றும் ஸ்டீம் (கம்ப்யூட்டர் கேம் விற்கும் இணையக் கடை) விஷ்லிஸ்டில் இருக்கின்றன. உள்ளே ஓடுவது பழைய கேம்தானே, அதற்கு எதற்குக் காசு என்கிறார்கள் சிலர். கம்ப்யூட்டரை 1080பி டிவியில் இணைத்து கன்ட்ரோலரில் ஆடுவதுதான் திட்டம். எதை வாங்கலாம், எதை விடலாம்? வாங்குவதற்கு முன் எதைக் கவனிக்கணும்?

கார்ட்ரிட்ஜ்:
முதல் ரெண்டையும் தாராளமா வாங்கலாம். பழைய கேம் தொகுப்புல விலையை அப்புறம் பாருங்க, எமுலேஷன் (பழைய மெஷினைப் புது மெஷின்ல போலச் செஞ்சு கேமை ஓட்டுற மென்பொருள்) யார் கைவேலைன்னு முதல்ல பாருங்க. கொனாமியோட இந்த ரெண்டையும் செஞ்சது ஜப்பானின் எம்2 நிறுவனம். அதே மாதிரி நம்பி வாங்கக்கூடிய இன்னொரு பேர் டிஜிட்டல் எக்ளிப்ஸ்: 2015ல வந்த மெகா மேன் லெகசி கலெக்‌ஷன், 2022ல வந்த அட்டாரி 50 எல்லாம் அவங்க செஞ்சது.

கேசில்வேனியா தொகுப்பு 2019ல வந்தது, மொத்தம் 8 கேம். ஜப்பான் பதிப்புகளை அப்புறம் இலவச அப்டேட்ல சேர்த்தாங்க. காசு கொடுக்குறதுக்குப் பெரிய காரணமே அதுதான். மூணாம் பாகத்தைக் கண்டிப்பா ஜப்பான் பதிப்புல ஆடுங்க. அந்த கார்ட்ரிட்ஜுக்குள்ள (கேம் இருக்கிற, மெஷின்ல செருகுற பெட்டி) விஆர்சி6னு கொனாமியோட சொந்த சிப் இருக்கு. ஃபேமிகாமோட (என்ஈஎஸ் கேம் மெஷினோட ஜப்பான் வடிவம்) 5 ஒலி சேனலுக்கு மேல அது இன்னும் 3 தருது. ஃபேமிகாம்ல ஒலி கார்ட்ரிட்ஜ் வழியாப் போய் வரும், அதனால சிப்போட சத்தமும் அதுல கலந்துடும். அமெரிக்க என்ஈஎஸ்ல அந்த வழி கார்ட்ரிட்ஜுக்குக் கிடையாது. அதனால அங்க சிப்பையே மாத்திட்டாங்க, பாட்டு மெலிஞ்சுபோச்சு. நம்ம கூட வர்ற கிராண்ட்ங்கிற பாத்திரம் சாதாரண அடியிலேயே கத்தி எறியறதும் ஜப்பான் பதிப்புலதான், அமெரிக்காவுல அவன் கிட்டப் போய்த்தான் குத்தணும். ஸ்டேஜ் ஏற ஏற எந்த எதிரி தொட்டாலும் சேதம் கூடிக்கிட்டே போறதும் அமெரிக்கப் பதிப்போட வேலை. ஒரே கேம்னு நினைச்சு விட்டுடாதீங்க.

நீலமுள்ளெலி:
சோனிக் ஒரிஜின்ஸ் பற்றி. கேம்கள் அகலத்திரையில் மிக நன்றாக ஓடுகின்றன, அந்த வேலையில் குறையில்லை. என் வருத்தம் இசையில். சோனிக் 3இல் கார்னிவல் நைட், ஐஸ் கேப், லாஞ்ச் பேஸ் மூன்று இடங்களிலும் மூல இசை இல்லை, வேறு பாட்டுகள் வைத்திருக்கிறார்கள். ஐஸ் கேப் பாட்டுக்காகவே வாங்குகிறவர் ஏமாந்துபோவார். வந்தபோது பிசி பதிப்பில் டெனுவோ என்ற திருட்டு நகல் தடுப்பு மென்பொருளும் இருந்தது. 2022இல் இது வருவதற்குச் சில வாரம் முன்பே தனித்தனியாக விற்ற பழைய சோனிக் கேம்களைக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். முன்பே வாங்கியிருந்தால் உங்கள் ஸ்டீம் லைப்ரரியில் இன்னும் இருக்கும், பதிவிறக்கலாம். புதிதாக வாங்குகிறவருக்கு அந்த வழி இல்லை. பாதி விலைக்குக் கீழே வராமல் தொடாதீர்கள்.

ஸ்கேன்லைன்:
டிவி செட்டிங்கைச் சரி பண்ணாம எந்தத் தொகுப்பையும் குறை சொல்லாதீங்க.

படம்: என்ஈஎஸ் 256×240. 1080 வரி இருக்கிற 1080பி திரையில 4 மடங்குன்னா 960 வரி, மேலயும் கீழயும் 60 வரி கறுப்பா இருக்கும். அதை நிரப்பணும்னு இழுத்தா 4.5 மடங்கு ஆகும். ஒரு பிக்சல் 4 வரி, பக்கத்துப் பிக்சல் 5 வரின்னு வரும், திரை நகரும்போது கோடுகள் நெளியும். கறுப்புப் பட்டையை அப்படியே விடுங்க. அதுக்காகப் பிக்சல் பர்ஃபெக்ட் (ஒவ்வொரு பிக்சலையும் சதுரமாக் காட்டுற அமைப்பு) போனாலும் ஒரு சிக்கல்: பழைய டிவியில பிக்சல் சதுரம் இல்ல, 8:7 அகலம். சதுரமாக் காட்டினா ஆளெல்லாம் ஒல்லியாத் தெரிவாங்க. என் ஓட்டு பழைய டிவியோட 4:3 வடிவத்துக்குத்தான்.

தாமதம்: டிவியில கேம் மோடை ஆன் பண்ணுங்க. பிறகு போன்ல 240 ஃபிரேம் ஸ்லோமோஷன் வச்சு, கட்டைவிரலும் திரையும் ஒண்ணாத் தெரியுற மாதிரி எடுங்க. பட்டன் அழுந்துனதுல இருந்து ஆள் குதிக்கிற வரை ஃபிரேமை எண்ணி 4.2ஆல பெருக்கினா மில்லிசெகண்ட். கேமோட ஒரு ஃபிரேம் 16.7. கேம் மோட் இல்லாம ஒரு தடவை, ஆன் பண்ணி ஒரு தடவை எடுத்தா கேம் மோட் மிச்சப்படுத்துற நேரம் தனியாத் தெரியும். மீதியில டிவியோட மிச்சத் தாமதம், கன்ட்ரோலர், கம்ப்யூட்டர், கேம் எல்லாம் சேர்ந்திருக்கும். புளூடூத்தை விட்டுட்டு வயர் போட்டு இன்னொரு தடவை எடுங்க.

எட்டுபிட்:
ரொம்ப நன்றி. சோனிக்கை விட்டுவிடுகிறேன். 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60க்குப் பதில் 50 ஃபிரேம்) பதிப்பு என்று பயமுறுத்துகிறார்களே, அது இவற்றில் வருமா?

கார்ட்ரிட்ஜ்:
இந்த ரெண்டுலயும் அந்தக் கவலை வேண்டாம். அந்தப் பேச்சு 2018ல வந்த பிளேஸ்டேஷன் கிளாசிக்கால (பழைய கேம்களோட வந்த சோனியோட குட்டி மெஷின்) பெரிசாச்சு. 20 கேம்ல 9 ஐரோப்பிய 50 ஹெர்ட்ஸ் பதிப்பு, டெக்கன் 3 அதுல ஒண்ணு. 60க்குப் பழகின கைக்கு அது இழுவையா இருக்கும். வேற தொகுப்பு வாங்கும்போது எந்த நாட்டுப் பதிப்புன்னு கடைப் பக்கத்துல பாருங்க. சந்தேகம் இருந்தா ஸ்டீம்ல வாங்கி முதல் ஒரு மணி நேரத்துக்குள்ள ஒலி, வேகம், தாமதம் மூணையும் சோதிச்சிடுங்க. 14 நாளுக்குள்ள, 2 மணி நேரத்துக்குக் குறைவா ஆடியிருந்தா பணம் திரும்பக் கேட்கலாம். மெனுவைத் திறந்து வச்சிருக்கிற நேரமும் அந்த ரெண்டு மணியில சேரும்.