வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றுகொண்டு வெற்றிடத்துக்காகக் காத்திருப்பது எப்படி?

தம்பலகாமம் மாணவி எழுதியது:

அண்ணாமார், அக்காமார் அனைவருக்கும் வணக்கம். நான் உயிரியல் பிரிவில் இரண்டாவது தடவையாக உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றி, மூன்று பாடங்களிலும் சித்தியடைந்து, பல்கலைக்கழக அனுமதிக்கு விண்ணப்பித்திருந்தேன். ஒவ்வொரு கற்கைநெறிக்கும் கடைசியாகத் தெரிவானவரின் புள்ளியான வெட்டுப்புள்ளிகள் வெளியான அன்று, திருகோணமலை மாவட்டத்துக்கான நிரலில் விவசாயக் கற்கைநெறிக்கு எதிரே இருந்த எண்ணை, அனுமதிக்காகக் கணக்கிடப்படும் என் இசட் புள்ளியோடு வைத்துப் பார்த்தபோது, நான் 0.0312 குறைவாக இருப்பது தெரிந்தது. என் விருப்பத் தெரிவுகளில் வேறு எதுவும் கிடைக்கவில்லை. பதிவு செய்யாதவர்களின் இடங்களுக்கு அடுத்தவர்களை அழைப்பார்கள், உன் புள்ளிக்கு வாய்ப்பு இருக்கிறது, பொறுத்திரு என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

அந்தப் பொறுத்திருத்தல்தான் எனக்கு முடியவில்லை. விடியற்காலையில் விழித்தவுடன் கைபேசியில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தைத் திறக்கிறேன். பிறகு சாப்பிடும்போதும், படுக்கும்போதும், இடையில் எத்தனை தடவை என்று எண்ணாமலும் திறக்கிறேன். என்னோடு ஒரே வகுப்பில் படித்த தோழி வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போவதற்குப் பெட்டி அடுக்குகிறாள். அவளுக்காக உண்மையாகவே மகிழ்கிறேன், ஆனால் அவளுடைய வீட்டுக்குப் போக என்னால் இயலவில்லை. அம்மா வெள்ளிக்கிழமைகளில் ஆதிகோணநாயகர் கோயிலுக்குப் போய்விட்டு வந்து என் முகத்தைப் பார்க்கிறார். அப்பா பெரும்போக விதைப்பில் இருப்பதால் எதுவும் கேட்பதில்லை. அவர் கேட்காமல் இருப்பதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது, ஏனென்றால் விவசாயம் படிக்க வேண்டும் என்ற எண்ணமே அவருடைய வயலில் நின்றுதான் எனக்கு வந்தது.

இந்தக் காலத்தை நீங்கள் எப்படிக் கடந்தீர்கள்? மூன்றாவது தடவைக்கு விண்ணப்பித்தால் நம்பிக்கையைக் கைவிட்டதாக ஆகிவிடுமா? உறவினர்களுக்கு என்ன பதில் சொல்வது?

வந்தாறுமூலை பழைய மாணவன் எழுதியது:

தங்கச்சி, நான் வெற்றிடம் நிரப்பலில் அழைக்கப்பட்டவன். எனவே முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நம் நாட்டில் வெற்றிடத்துக்கான வரிசை எண் எதுவும் உங்கள் கையில் தரப்படுவதில்லை. மருத்துவமனையில் இலக்கச் சீட்டு வைத்திருப்பவனுக்கு முன்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது தெரியும். நமக்கோ நம்முடைய புள்ளியும் வெட்டுப்புள்ளியும் தெரிந்தாலும் அது தெரியாது. அந்த இரண்டுக்கும் இடையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை ஊகிக்க முயன்றுதான் நான் இரண்டு மாதங்களை வீணாக்கினேன். இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், மீதி 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கும் என்று பகிரப்படுகின்றன. அந்த 16 மாவட்டங்களுள் திருகோணமலையும் ஒன்று. நம்முடையது சனத்தொகை குறைந்த மாவட்டம்; ஆகையால் ஒரு கற்கைநெறிக்கு நமக்குக் கிடைக்கும் இடங்களும் சிலவே. ஒருவர் வேறு கற்கைநெறிக்குப் போனாலும் நிலைமை மாறும். ஒருவரும் போகாவிட்டால் மாறாது. இதை எந்தக் கணக்காலும் முன்கூட்டி அறிய முடியாது என்பதை ஏற்றுக்கொண்ட நாளில்தான் நான் ஒழுங்காகத் தூங்கினேன்.

இணையத்தளத்தைப் பார்ப்பதை முற்றாக நிறுத்தும்படி நான் சொல்லமாட்டேன், ஏனென்றால் அது நடவாது. நாளுக்கு ஒரு தடவை, மாலை ஐந்து மணிக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகம் மூடிய பிறகு இரவில் புதிதாக எதுவும் வரப்போவதில்லை. வாட்ஸ்அப் குழுக்களில் "நாளைக்கு வருகிறதாம்" என்று எழுதுபவர்களை நம்பாதீர்கள். அவர்களும் உங்களைப் போலவே காத்திருப்பவர்கள். பணம் தந்தால் கொழும்பில் ஆளைப் பிடித்து இடம் எடுத்துத் தருவதாக யாராவது வந்தால், அப்பாவிடம் சொல்லி அவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். தெரிவு முழுவதும் புள்ளியின்படி நடப்பது. அதில் இடையில் நுழைய ஆளுக்கு வழியில்லை.

அழைப்பு வந்தால் பதிவுக்குத் தரும் நாட்கள் குறைவாகவே இருக்கும். எனக்கு அப்போது பாடசாலை விடுகைச் சான்றிதழ் கையில் இல்லை. அதற்காக அலைந்த இரண்டு நாட்களை இன்றும் மறக்கவில்லை. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பெறுபேற்றுப் பத்திரம், விடுகைச் சான்றிதழ் ஆகியவற்றை இப்போதே ஒரு கோப்பில் சேர்த்து, பிரதிகளும் எடுத்து வையுங்கள். விண்ணப்பத்தில் கொடுத்த தொலைபேசி இலக்கத்தையும் மின்னஞ்சலையும் எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள். காத்திருக்கும் மனதுக்குக் கையால் செய்ய ஒரு வேலை கிடைப்பதும் நல்லதுதான்.

நான் போய்ச் சேர்ந்தபோது விரிவுரைகள் தொடங்கிச் சில வாரங்கள் ஆகியிருந்தன. பிந்தி வந்தவன் என்று யாரும் என்னைக் குறைவாகப் பார்க்கவில்லை. விடுதியில் இருந்த முல்லைத்தீவு நண்பன் ஒருவன் தன் குறிப்புகள் அனைத்தையும் கேட்காமலே தந்தான்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் எழுதியது:

பிள்ளை, உங்கள் 0.0312ஐப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறேன். 2001 முதல் நடைமுறையில் இருக்கும் இசட் புள்ளி என்பது, ஒரு பாடத்தில் நீங்கள் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் இடையை, அதாவது எல்லோருடைய சராசரியைக் கழித்து, வருவதை நியம விலகலால் (புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்திருக்கின்றன என்பதைக் காட்டும் அளவால்) பிரித்து, அவ்வாறு மூன்று பாடங்களுக்கும் கிடைப்பவற்றின் சராசரியை எடுப்பதாகும். எனவே 0.0312 என்ற குறைவு மூன்று பாடங்களையும் சேர்த்தால் 0.0936 ஆகிறது. ஒரு பாடத்தின் நியம விலகலை உதாரணத்துக்கு 15 புள்ளிகள் என்று கொண்டால், அது ஏறத்தாழ 1.4 புள்ளிகள். மூன்று பாடங்களிலும், எல்லா வினாத்தாள்களிலும் சேர்த்து ஒன்றரைப் புள்ளிகூட இல்லை. ஓரிரு பல்தேர்வு வினாக்களில் ஏற்பட்ட தடுமாற்றம் அந்த அளவுக்குப் போதும். இதை உங்களைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. உங்களைத் திறமை குறைந்தவர் என்று நீங்கள் எண்ணினால், அது கணக்கின்படி தவறானது என்பதற்காகச் சொல்கிறேன்.

மூன்றாவது தடவையைப் பற்றிக் கேட்டீர்கள். விண்ணப்பியுங்கள். அதனால் இப்போதைய விண்ணப்பத்துக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும், அவ்வளவே. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வெட்டுப்புள்ளி ஆண்டுதோறும் மாறுவது; அடுத்த முறை 0.0312ஐ மட்டும் கூட்டினால் போதும் என்று எண்ணிப் படிக்காதீர்கள். முந்தைய இரு தடவைகளிலும் எந்தப் பாடம் உங்களைக் கீழே இழுத்தது என்பதை நேர்மையாகப் பார்த்து, அந்த ஒரு பாடத்தை அடியிலிருந்து தொடங்குங்கள். மூன்றையும் ஒரே பாரத்தில் மீண்டும் தூக்கிய மாணவர்கள் பலர் களைத்துப் போனதை நான் வகுப்பில் கண்டிருக்கிறேன்.

மேலே தம்பி எழுதியவற்றில் பெரும்பாலானவற்றோடு உடன்படுகிறேன். ஆயினும், தான் அழைக்கப்பட்டவர் என்பதால் அவருடைய நினைவில் அந்தக் காலம் நல்ல முடிவுள்ள கதையாகத் தங்கியிருக்கிறது. அழைக்கப்படாதவர்களும் பலர் இருக்கிறார்கள். அழைப்பு வராது என்று வைத்துக்கொண்டே உங்கள் நாட்களைத் திட்டமிடுங்கள்.

அப்பாவின் மௌனத்தைப் பற்றி எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். நானும் தகப்பன். பிள்ளையிடம் கேட்டால் அவளுக்குப் பாரமாகிவிடும் என்று எண்ணி வாயை மூடிக்கொண்டிருப்பவர்கள்தான் எங்களில் அதிகம். நீங்களே போய்ப் பேசுங்கள். உறவினர்களுக்கு "பதில் வரவில்லை, வந்தால் அம்மா சொல்லுவார்" என்ற ஒரு வசனம் போதும். அதற்கு மேல் விளக்கம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. தூக்கமின்மை தொடர்ந்தால், அல்லது எதிலும் மனம் செல்லாத நிலை வந்தால், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

விவசாயப் போதனாசிரியை எழுதியது:

நான் அழைக்கப்படாதவர்களில் ஒருத்தி, தங்கச்சி. மூதூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவள். நானும் விவசாய பீடத்துக்காகவே காத்திருந்தேன். அழைப்பு வராது என்பது ஒரு நாளில் தெரிந்துவிடுவதில்லை. எதிர்பார்ப்பு நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே போய், பிறகு ஒரு நாள் நாம் பார்ப்பதை மறந்திருப்போம். அந்த மாதங்களில் என்னைக் காப்பாற்றியது விவசாயத் திணைக்களத்தின் விவசாயப் பாடசாலைகளுக்கான விண்ணப்பம்தான். வவுனியாவிலும் குண்டசாலையிலும் பாலமுனையிலும் அந்தப் பாடசாலைகள் இருக்கின்றன. நான் வவுனியாவுக்குப் போய் இரண்டு ஆண்டு டிப்ளோமாவை முடித்தேன்.

முதல் சில வாரங்கள் அதை ஆறுதல் பரிசு என்றே நினைத்தேன். மண்ணைக் கையில் எடுத்து ஈரப்பதனைக் கணிக்கவும், மடித்துக் கட்டியது போலச் சுருண்டிருக்கும் இலையைப் பிரித்து உள்ளே இருக்கும் புழுவைக் காட்டவும் கற்றுக்கொண்டபோது அந்த எண்ணம் தானாகப் போய்விட்டது. இப்போது நான் கமக்காரர்களின் வயலுக்குப் போகிறேன். நெற்பயிரைத் தாக்கும் கபிலத் தத்திப் பூச்சி பரவும் காலத்தில் அவர்கள் முதலில் தொலைபேசியில் அழைப்பது என்னைத்தான். பட்டப்படிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. அழைப்பு வந்தால் ஒரு நிமிடமும் யோசிக்காமல் போங்கள். ஆனால் உங்களுக்கு வேண்டியது பயிரும் வயலும்தான் என்றால், அதற்குப் போகும் பாதை ஒன்று மட்டுமல்ல. வர்த்தமானி அறிவித்தல்களை வாரந்தோறும் பாருங்கள். முடிவுத் திகதியைத் தவறவிட்டால் ஓராண்டு போய்விடும்.

விதைப்பு நடக்கிறது என்று எழுதினீர்கள். அப்பாவோடு வயலுக்குப் போகிறீர்களா?

தம்பலகாமம் மாணவி எழுதியது:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்ன 1.4 புள்ளிக் கணக்கை நானே தாளில் செய்து பார்த்து, அம்மாவிடமும் காட்டினேன். கோப்பில் விடுகைச் சான்றிதழ் இல்லை என்பது தெரிந்ததால், திங்கட்கிழமை பாடசாலைக்குப் போகிறேன். மூன்றாவது தடவைக்கும் விண்ணப்பிக்கிறேன். என்னைக் கீழே இழுத்தது இரசாயனவியல் என்பதை ஒப்புக்கொள்வதற்கு எனக்கு இவ்வளவு நாள் எடுத்திருக்கிறது.

அக்கா, நான் வயலுக்குப் போவதை நிறுத்தியிருந்தேன். இன்று காலை போனேன். அப்பா வரம்பில் நின்றபடி, குளத்துத் தண்ணீர் இந்த முறை போதுமா என்று மட்டும் பேசினார். திரும்பி வரும்போது, விவசாயப் பாடசாலையைப் பற்றி நான் சொன்னேன். வவுனியாவுக்கு எத்தனை மணிக்குப் பேருந்து என்று கேட்டார்.