சப்பாத்திக்கு மாறின பிறகு அம்மாவுக்கு வந்த வயிற்றுக் கோளாறு

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 54 வயசில் சர்க்கரை வந்தது. “சோத்தைக் குறைச்சிட்டு சப்பாத்தி சாப்பிடுங்க” என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். ரெண்டு வேளையும் கோதுமை ஆனது. ஒரு வருஷத்துக்குள் ஓயாத பேதி, உப்புசம், எட்டு கிலோ எடை போச்சு. இரும்புச்சத்து மாத்திரை எவ்வளவு போட்டும் ரத்தம் ஏறவில்லை. சர்க்கரை மாத்திரைதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து அதையே மாற்றிக்கொண்டிருந்தோம்.

கடைசியில் குடல் டாக்டர் ஒருவர் டிடிஜி என்ற எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை எழுதினார். எண்டோஸ்கோபியில் சிறுகுடல் சதை எடுத்துப் பார்த்ததில் சீலியாக். இந்த நோய் இருப்பவர்களுக்குக் கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகளை உடம்பே அழித்துவிடும்.

“எங்க வம்சத்துல யாருக்குமே இல்லையே டாக்டர்?” என்று கேட்டேன். எச்எல்ஏ டிக்யூ2, டிக்யூ8 என்ற மரபணு வகைகளில் ஒன்றாவது இருந்தால்தான் பெரும்பாலும் இது வருமாம். நம்மில் மூன்றில் ஒருவருக்கு அது இருக்கும், அநேகம் பேருக்கு ஒன்றும் செய்யாது. 2016இல் வந்த ஆய்வில் வட இந்தியாவில் நூற்றுக்கு 1.23 பேருக்கு ரத்தத்தில் இந்த நோய்க்கான எதிர்ப்பொருள் இருந்தது, தெற்கே 0.1தான். மரபணு ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. அங்கே தினம் சாப்பிடும் கோதுமை 455 கிராம், இங்கே 25. எங்கள் ஆயாவுக்கும் அந்த மரபணு இருந்திருக்கலாம். சோறும் மீன் குழம்புமாகவே வாழ்ந்து முடித்தவர்.

கோதுமை, மைதா, ரவை, சேமியா எல்லாவற்றையும் நிறுத்தியும் பேதி முழுசாக நிற்கவில்லை. வயிறு ஆறட்டுமே என்று தினமும் மோரில் பெருங்காயம் கலந்து கொடுத்தேன். ஒரு நாள் அந்த டப்பாவைத் திருப்பிப் பார்த்தால், சேர்மானத்தில் கோதுமை மாவு! என் கையாலேயே கொடுத்திருக்கிறேன். அன்று ரொம்ப அழுதேன். இப்போது அரிசி மாவு சேர்த்த பெருங்காயம்தான். அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 11 ஆயிடுச்சு.

—

ராயபுரத்திலிருந்து: அக்கா, என் தம்பிக்கும் இதேதான். பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிட்ட ராத்திரியெல்லாம் வயிறு பிடுங்கும். நாங்களாகவே கோதுமை, மைதாவை நிறுத்திட்டு மூணு மாசம் கழிச்சு டெஸ்ட் எடுத்தோம், நார்மல்னு வந்தது. மறுபடி ஆறு வாரம் கோதுமை சாப்பிட வெச்சு எடுத்தப்பதான் தெரிஞ்சது. தயவுசெஞ்சு டெஸ்ட்டுக்கு முன்னாடி யாரும் நிறுத்தாதீங்க.

—

பழைய வண்ணாரப்பேட்டை: நல்லவேளை சொன்னீங்க தம்பி. ரத்த உறவுக்கும் வரலாம்னு டாக்டர் எங்களையும் பார்க்கச் சொல்லியிருக்கார். திங்கட்கிழமை எனக்கும் அண்ணனுக்கும் ரத்தம் எடுக்கிறாங்க. அதுவரைக்கும் எங்க ரெண்டு பேருக்கும் சப்பாத்திதான். அம்மாவுக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி.