நியூசிலாந்தில் மோட்டார்ஹோம், 12 நாட்கள், ஐந்து பேர்: அம்மாவுக்கு முழங்கால் வலி, வழி சொல்லுங்கள்

கேள்வி: வெள்ளவத்தையிலிருந்து

வணக்கம். டிசம்பர் விடுமுறைக்கு நியூசிலாந்து போகிறோம். அம்மா, அப்பா, மனைவி, ஒன்பது வயது மகள், நான். ஆறு பேர் படுக்கக்கூடிய, கட்டிலும் அடுப்பும் உள்ள வீட்டு வண்டி, அதாவது மோட்டார்ஹோம் ஒன்றை வாடகைக்குப் பார்த்து வைத்திருக்கிறேன். ஓக்லாந்தில் எடுத்து, வெலிங்டனில் கப்பலேறி, பிக்டனில் இறங்கி, கிறைஸ்ட்சர்ச், டெகாப்போ ஏரி, மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த மில்ஃபோர்ட் சவுண்ட் எல்லாம் பார்த்துவிட்டுக் குயின்ஸ்டவுனில் ஒப்படைப்பதாகத் திட்டம்.

அம்மாவுக்கு 68 வயது. யாழ்ப்பாணம் போகும்போதே நாலைந்து தரம் நிறுத்திக் காலை நீட்டுவார். மோட்டார்ஹோமைத் தேர்ந்ததே அதற்காகத்தான்: ஓடும்போது பின்னால் கட்டிலில் படுத்துக்கொண்டு வரலாம் என்று. அது சரிவருமா? அப்புறம், ஒரு நேரமாவது அவருக்குச் சோறு வேண்டும். ரைஸ் குக்கர் வண்டிக்குள் வேலை செய்யுமா?

பதில்: கொட்டாஞ்சேனையிலிருந்து

தம்பி, முதலில் அம்மாவின் விஷயம். ஓடும் வண்டியில் படுக்க முடியாது. எல்லோரும் இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார வேண்டும், அது அங்கே சட்டம். கட்டிலெல்லாம் வண்டி நின்ற பிறகுதான். அதனால் அம்மாவுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, தூரத்தைக் குறைப்பது.

உங்கள் திட்டத்தில் ஓக்லாந்து முதல் வெலிங்டன் வரை மட்டுமே 640 கிலோமீற்றர். கப்பல் மூன்றரை மணி நேரம். அதற்குப் பிறகுதான் தெற்குத் தீவே தொடங்குகிறது. நுவரெலியா றோட்டை நினைத்துப் பாருங்கள், வரைபடத்தில் கொஞ்சத் தூரம், ஓடினால் அரை நாள். அங்கேயும் மலைப்பாதையில் இந்த உயரமான வண்டியைக் காற்று தள்ளும், ஸ்டியரிங்கை விடாமல் பிடிக்க வேண்டும். வடக்குத் தீவை இந்த முறை விட்டுவிடுங்கள். கிறைஸ்ட்சர்ச்சில் எடுத்துக் குயின்ஸ்டவுனில் கொடுங்கள்.

நாங்கள் அப்பா அம்மாவோடு அப்படித்தான் போனோம். டெகாப்போவில் இரண்டு இரவு நின்றோம். ஏரிக்கரையில் 1935இல் கட்டிய சின்னக் கல் தேவாலயம் ஒன்று இருக்கிறது, பீடத்துக்குப் பின்னால் கண்ணாடி, அதற்கப்பால் ஏரியும் பனிமலையும். என் அம்மா அங்கே உட்கார்ந்தவர் ஒரு மணி நேரம் எழும்பவில்லை. அந்தப் பக்கம் முழுவதும் 2012இலிருந்து இருள்வானக் காப்பகம், அதாவது வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தி இரவு வானத்தைக் காக்கும் இடம், இரவில் கதவைத் திறந்தாலே நட்சத்திரம். ஆனால் டிசம்பரில் இருட்ட ஒன்பதரை தாண்டும், மகளைப் பகலில் கொஞ்சம் தூங்க வையுங்கள்.

மில்ஃபோர்டுக்கு தே அனா என்ற ஊரிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீற்றர். டாங்கியைத் தே அனாவிலேயே நிரப்புங்கள். வழியில் ஹோமர் சுரங்கம், 1.2 கிலோமீற்றர், உள்ளே செங்குத்தான சரிவு. வாசலில் சிக்னலுக்கு நிற்கும்போது கியா என்ற பச்சைக் கிளி வந்து ஜன்னல் ரப்பரை அலகால் உரிக்கும். மகளுக்குப் பிடிக்கும், சாப்பாடு மட்டும் போட வேண்டாம்.

இன்னொன்று: ஒற்றைவழிப் பாலங்கள் நிறைய. பலகையில் உங்கள் பக்கத்து அம்பு சின்னதாகச் சிவப்பாக இருந்தால் நீங்கள்தான் நின்று வழிவிட வேண்டும். இடப்பக்க ஓட்டம் நம் ஊர் மாதிரியேதான்.

பதில்: தெஹிவளையிலிருந்து

தூள், மாசி, கருவாடு எது கொண்டுபோனாலும் நியூசிலாந்துக்குள் நுழைய நிரப்பும் படிவத்தில் ‘உணவு இருக்கிறது’ என்று கட்டாயம் எழுதுங்கள். எழுதிவிட்டால் பார்த்துவிட்டு விடுவார்கள், அல்லது எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். மறைத்தால் அங்கேயே 400 டொலர் அபராதம். பச்சைக் கறிவேப்பிலை, பழம், தேன் வீட்டிலேயே இருக்கட்டும்.

கேட்டவர்

அண்ணா, அக்கா, மிக்க நன்றி. படுக்க முடியாதென்று தெரியாமல் அம்மாவிடம் சொல்லியும் விட்டேன். குக்கர்? கழிப்பறையை யார் சுத்தம் செய்வது?

பதில்: கொட்டாஞ்சேனையிலிருந்து

குக்கருக்கு 230 வோல்ட் வேண்டும். வண்டியின் 12 வோல்ட் பெட்டரி விளக்குக்கும் தண்ணீர்ப் பம்புக்கும்தான். ஹொலிடே பார்க்கில் (வண்டியை இரவு நிறுத்தித் தங்கும் முகாம்) கேபிள் செருகிய பிறகுதான் சுவர் பிளக்கில் கரண்ட் வரும். குக்கர், கேத்தல், ஹீட்டர் மூன்றையும் ஒன்றாகப் போடாதீர்கள், எங்களுக்கு முதல் இரவே டிரிப் ஆகிவிட்டது. பிளக்கும் அங்கே வேறு, சரிந்த பின். அடப்டர் இங்கேயே வாங்குங்கள். மற்ற இடங்களில் காஸ் அடுப்பில் சட்டி வைத்துச் சோறு வடிக்கலாம்.

கழிப்பறைக்குக் கீழே ஒரு பெட்டி. வெளிக்கதவைத் திறந்து இழுத்து, அதற்கென்று இருக்கும் இடத்தில் ஊற்றிக் கழுவ வேண்டும். ஐந்து பேர் என்றால் தினமும் காலையில். நானே செய்தேன், ஐந்து நிமிட வேலை. பார்க்குக்கு வெளியே இரவு நிற்க எண்ணமிருந்தால், பொருத்திய கழிப்பறையும் அதற்கான சான்றும் உள்ள வண்டியாகப் பாருங்கள். 2023இலிருந்து சட்டம் இறுகிவிட்டது.

சாரதிக்கு மேலே இருக்கும் கட்டிலுக்கு ஏணி ஏற வேண்டும். அதை மகளுக்கும் உங்களுக்கும் வைத்துக்கொண்டு, அம்மாவுக்குப் பின்பக்கக் கீழ்க்கட்டிலைக் கொடுங்கள். வாசல் படியும் உயரம். முன்பதிவுக்கு முன் படியின் படத்தைக் கேட்டு வாங்கி அம்மாவிடமே காட்டுங்கள்.

கேட்டவர்

ஓக்லாந்தை எடுத்துவிட்டேன் அண்ணா. கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து புது விலை கேட்டிருக்கிறேன், படியின் படமும் கேட்டேன்.