நொய்யல் தண்ணீரைப் பயிருக்குப் பாய்ச்சலாமா?

அனைவருக்கும் வணக்கம். நான் சிங்கப்பூர் ஈசூனில் இருக்கிறேன். ஊரில் எங்கள் தோட்டம் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே. கிணறு வற்றியதால் அப்பா நொய்யலில் மோட்டார் வைத்து மஞ்சளுக்குப் பாய்ச்சுகிறார். திருப்பூர்ச் சாயக்கழிவு ஓடிய ஆறு, பயமாக இருக்கிறது. வீடியோ காலில் பார்த்தேன்: வாய்க்கால் ஓரம் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது, இலை நுனியெல்லாம் கருகல்.

பாசன நீரின் ஈசி அளவு (மின்கடத்துத்திறன்; உப்பு கூடினால் இதுவும் கூடும்) மீட்டருக்கு 0.7 டெசிசீமன்ஸுக்குள் இருந்தால் தடையில்லை, 3-ஐத் தாண்டினால் கடும் கட்டுப்பாடு வேண்டும் என்கிறது ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வழிகாட்டி. அது மொத்த உப்பு மட்டுமே. மண்ணை இறுக்குவது சோடியம். அதற்கு எஸ்ஏஆர் (கால்சியம், மக்னீசியத்தோடு ஒப்பிட்ட சோடிய அளவு) பார்க்க வேண்டும்.

தீபாவளிக்கு ஊருக்குப் போகிறேன். இங்கே நம்பி வாங்கக்கூடிய கையடக்க ஈசி மீட்டர் எது? மழை வெள்ளத்தில் எடுத்த தண்ணீர் மாதிரி கோடை உப்பைக் காட்டாது, அதனால் இரண்டு பருவத்திலும் எடுக்க வேண்டுமா? விவரம் தெரிந்த அண்ணன், அக்காமார் சொல்லுங்கள்.