ரெண்டு ஃப்ளாஷ் ரியூப் சீரிஸில குடுத்தா பத்துதில்லை, அவசரம்

உப்புவெளிப்பொடியன்: அண்ணையாக்கள், நாடகத்துக்கு மின்னல் செய்யிறம், பழைய கமரா ஃப்ளாஷ் ரியூப் ரெண்டை சீரிஸில குடுத்திருக்கிறன், தனித்தனியா எண்டா நல்லா அடிக்குது, சேத்தா ஒண்டுக்குள்ள மட்டும் ஊதா நூல் மாதிரி மெல்லிசா வந்திட்டுப் போகுது. ஏன்?

வயர்மேன்: எத்தினை வோல்ட்? சார்ஜைச் சேத்து வைக்கிற கண்டென்சர் எவ்வளவு? ரியூப்பைப் பத்தவைக்க வெளியால சுத்திற ட்ரிகர் கம்பி எதில சுத்தியிருக்கு?

டச்பேக்காரன்: உப்புக்காத்து தம்பி. எங்கட வீட்டில டிவிக்குப் பின்னால பச்சை பூத்துக் கிடக்கு. ட்ரிகர் நாலாயிரம் வோல்ட், ஈரத்தில ஒழுகிடும். ஸ்பிரிட்டால துடையுங்கோ.

உப்புவெளிப்பொடியன்: 300 வோல்ட், கண்டென்சர் 120 மைக்ரோஃபரட். கம்பி ஒரு ரியூப்பில.

மாஸ்டர்: இதை முதலே சொல்லியிருக்கலாம். அடிப்படை படிக்காம சோல்டரிங் அயனைத் தூக்கிறதுதான் இப்பத்தைய பொடியளின்ர வேலை. ரியூப் ஒண்டுக்கு 300 எண்டா ரெண்டுக்கு 600 வேணும். கம்பி சுத்தாத ரியூப் பத்தாது, வழி அடைபட்டமாதிரித்தான். உப்பாம், காத்தாம்.

வயர்மேன்: கமரா போர்ட் ரெண்டும் இருக்குத்தானே? தனித்தனி பற்றரி குடுத்து ரெண்டு கண்டென்சரையும் சீரிஸில போடுங்கோ, 60 மைக்ரோவில 600 வோல்ட், 10.8 ஜூல், சக்தி குறையாது. பற்றரி பொதுவா இருக்கப்படாது, ஷோர்ட் ஆகும். மேல் போர்டின்ர பற்றரியும் 300 வோல்டில நிக்கும், தொடப்படாது. ஒவ்வொரு கண்டென்சருக்கும் குறுக்கால ஒரு மெகஓம் ரெசிஸ்டர் போடுங்கோ, ட்ரிகர் கம்பியை ரெண்டு ரியூப்பிலயும் சுத்துங்கோ. கை வைக்க முதல் 1 கிலோஓம் ரெசிஸ்டரால டிஸ்சார்ஜ் பண்ணிப்போட்டு மீட்டரில பாருங்கோ.

பழையகமரா: சீரிஸ் எதுக்கு, பெரலல்ல குடுத்திட்டுப் போகலாமே?

வயர்மேன்: பெரலல்ல முந்திப் பத்தினது வோல்டை இழுத்து விழுத்திடும், மற்றது பத்தாது. சீரிஸில ஒரே கரண்ட் ரெண்டுக்குள்ளாலயும்.

பழையகமரா: தனிக்கண்டென்சர் குடுத்தாப் பத்தும்!

மாஸ்டர்: அது பெரலல் இல்லை, ரெண்டு தனி ஃப்ளாஷ்.

டச்பேக்காரன்: உந்தச் சண்டைக்கு எல்இடி ஸ்ட்ரோப் வாங்கலாம். மேடையில பிள்ளையள் நிப்பினம், 600 வோல்ட் விளையாட்டில்லை.

பழையகமரா: எல்இடி மின்னலா? கலியாண வீட்டு லைற் மாதிரி இருக்கும்.

டச்பேக்காரன்: கண்ணுக்கு ரெண்டும் ஒண்டுதான்.

பழையகமரா: ரியூப்புக்குள்ள இருக்கிற செனொன் வாயு பத்தினா முகத்தில நிழல் வெட்டினமாதிரி விழும், எல்இடியில எங்க அது?

உப்புவெளிப்பொடியன்: ரெண்டிலயும் கம்பி சுத்தி 600 குடுத்தன், ரெண்டும் பத்தீட்டு. தாங்ஸ் அண்ணை, ஒத்திகைக்கு ஓடுறன்.

வயர்மேன்: ரெசிஸ்டர் போட்டீங்களோ?

மாஸ்டர்: பொடியன் போயிட்டான்.