ஷெட்டில் அம்பாசிடர்: தரையில் ஒரு சொட்டு இல்லை, பெட்ரோல் வாடை மட்டும் போகவில்லை

மார்க்3_கோவை கேட்டது:

வண்டி 1978 அம்பாசிடர் மார்க் 3. 1489 சி.சி. இன்ஜின், எஸ்.யூ. கார்புரேட்டர், பிளாக்கில் பொருத்திய மெக்கானிக்கல் பம்ப். நிற்பது வீட்டை ஒட்டிய ஷெட்டில்: 11-க்கு 20 அடி, உயரம் 9 அடி, ரோலிங் ஷட்டர், ஒரே ஒரு ஜன்னல். வாரத்துக்கு ஒருமுறை இருபது கிலோமீட்டர் ஓடும்.

காலையில் ஷட்டரைத் தூக்கினால் பெட்ரோல் நெடி முகத்தில் அடிக்கிறது. வண்டிக்கு அடியில் அட்டை விரித்து மூன்று இரவு பார்த்தாயிற்று, ஒரு சொட்டுக் கறைகூட இல்லை. ஓட்டி நிறுத்திய அன்று இருக்கும் வாடை நான்காம் நாளும் அப்படியே இருக்கிறது. டேங்கை நிரப்பிய வாரம் இன்னும் அதிகம். பின் சீட்டில் உட்கார்ந்தாலும் தெரிகிறது.

பெட்ரோல் ஹோஸ் எல்லாம் எட்டு மாதம் முன்புதான் புதிதாகப் போட்டது. சாதாரண 8 மி.மீ. கறுப்பு ரப்பர் ஹோஸ், மேலே எழுத்து எதுவும் இல்லை. கார்புரேட்டர் கிட் மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். அதற்கு முன் எங்கெல்லாம் பார்க்க வேண்டும், எந்த வரிசையில்? இன்வெர்ட்டரும் தண்ணீர் மோட்டார் ஸ்டார்ட்டரும் அதே ஷெட்டில்தான் இருக்கின்றன. அதுதான் பயமாக இருக்கிறது.

சோக்_கேபிள்:

பயம் நியாயமானது, அதிலிருந்தே ஆரம்பிக்கலாம். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போகாது, தரையோடு தவழ்ந்து தாழ்வான மூலையில் தேங்கும். காற்றில் சுமார் 1.4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும், பற்றிக்கொள்ளும். ஸ்டார்ட்டர் பட்டனை அமுக்கும்போதும் இன்வெர்ட்டர் ரிலே மாறும்போதும் பொறி வரும். இன்வெர்ட்டர் பெரும்பாலும் தரையில்தான் இருக்கும், ஆவியும் அங்கேதான் இருக்கும். ஆகவே காரணம் தெரியும்வரை வண்டி வெளியே நிற்கட்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். சோதனைக்கு எல்.இ.டி. டார்ச் மட்டும், ஒயர் இழுத்த குண்டு பல்பு வேண்டவே வேண்டாம். பக்கத்தில் 4 கிலோ ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும்.

வண்டியை வெளியே எடுத்ததும் இன்னொரு சோதனையும் சேர்த்து முடிந்துவிடும். இரண்டு நாள் கழித்தும் ஷெட்டில் வாடை இருந்தால் குற்றவாளி கார் இல்லை. ஸ்கூட்டர், தின்னர் டப்பா, மூலையில் மறந்துபோன பெட்ரோல் கேன், இவற்றைப் பாருங்கள். பெட்ரோல் டேப்பை மூடாமல் நிறுத்திய பழைய டூவீலரால் கார் பழி சுமப்பது சாதாரணமாக நடக்கிற விஷயம்.

இனி, வாடை எப்போது வருகிறது என்பதே பாதி விடை. சூடாக ஓட்டி நிறுத்தி ஒரு மணி நேரம் மட்டும் வந்தால் அது கார்புரேட்டரின் ஃப்ளோட் சேம்பரில், அதாவது பெட்ரோல் தேங்கும் சிறு கிண்ணத்தில், இருக்கும் பெட்ரோல் இன்ஜின் சூட்டில் ஆவியாவது. அந்தக் காலக் கார்களில் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி டப்பா கிடையாது, அவ்வளவு வாடை இயல்புதான். உங்களுக்கு நான்காம் நாளும் இருக்கிறது. சேம்பர் அதற்குள் ஆறி, தன்னால் முடிந்ததை விட்டு முடித்திருக்கும். டேங்க் நிரப்பினால் கூடுகிறது, பின் சீட்டில் தெரிகிறது. மூன்றும் டேங்க் இருக்கும் பின்பக்கத்தைக் காட்டுகின்றன. கார்புரேட்டர் கிட்டுக்குச் செலவழிக்க இப்போதைக்கு அவசரப்பட வேண்டாம்.

டேங்க்_வேலை:

எழுத்து இல்லாத கறுப்பு ஹோஸ் என்று சொன்னீர்களே, என் சந்தேகம் முதலில் அதன் மேல்தான். ஹோஸ் புதிது என்பதால் அதை விட்டுவிட வேண்டாம்.

சாதாரண ரப்பர் வழியாகப் பெட்ரோல் சொட்டாது, ஊடுருவும். உள்ளே திரவமாக இருப்பது சுவரைக் கடந்து வெளியே ஆவியாகவே வரும். அட்டையில் கறை விழாததற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். பெட்ரோல் ஹோஸுக்கான எஸ்.ஏ.ஈ. ஜே30 என்ற தரத்தில் ஆர்7 வகை ஹோஸுக்கு அனுமதித்த ஊடுருவல், ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் 550 கிராம் வரை. ஆர்9 வகைக்கு வெறும் 15 கிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 8 மி.மீ. உள்விட்டம், ஒரு மீட்டர் நீளம் என்றால் உள்பரப்பு சுமார் 0.025 சதுர மீட்டர். ஆர்7 உச்ச அளவில் ஒரு நாளைக்கு 14 கிராம் கசியலாம். ஆர்9 என்றால் அரைக் கிராம்கூட இல்லை. உங்கள் ஷெட் அளவுக்கு 14 கிராம் தீப்பிடிக்கும் எல்லையைத் தொடாது, ஆனால் மூக்குக்கு அதில் நூறில் ஒரு பங்கே போதும். அதிலும் முத்திரையே இல்லாத ஹோஸ் எந்தத் தரம் என்று யாருக்கும் தெரியாது. இப்போது பெட்ரோல் பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல், எத்தனால் கலந்தால் பழைய வகை ரப்பரில் ஊடுருவல் இன்னும் கூடும்.

கண்டுபிடிக்க ஒரு பைசா செலவில்லை. வெளுத்த பருத்தித் துணியை நாலு துண்டாகக் கிழித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஹோஸையும் தனித்தனித் துண்டால் இறுகப் பிடித்து நீளவாக்கில் இழுத்துத் துடைத்துவிட்டு, வண்டியிலிருந்து பத்தடி தள்ளிப் போய்த் துணியை முகர்ந்து பாருங்கள். ரப்பர் வாடை வந்தால் ஹோஸ் நல்லது, பெட்ரோல் வாடை வந்தால் அது போயிற்று. வண்டிக்குப் பக்கத்திலேயே முகர்ந்தால் எல்லாத் துணியும் ஒரே வாடைதான் அடிக்கும். பத்து நிமிடத்தில் மூக்கு மரத்துவிடும் என்பதால் நடுநடுவே வெளிக்காற்றில் நின்றுவிட்டு வாருங்கள்.

அடுத்தது டேங்கில் பெட்ரோல் அளவு காட்டும் ஃப்ளோட் உட்காரும் தட்டு. கார்க் பேக்கிங் காய்ந்து சுருங்கியிருக்கும். தட்டையும் சுற்றியுள்ள ஸ்க்ரூக்களையும் துடைத்து உலர்த்தி, முகப்பவுடரை மெல்லத் தூவி ஓர் இரவு விடுங்கள். ஈரம் பட்ட இடத்தில் பவுடர் நிறம் மங்கி, மாவு நனைந்தாற்போல் ஒட்டிக்கொள்ளும். ஸ்க்ரூத் தலையைச் சுற்றி வட்டமாக மங்கினால் வாஷர் கெட்டது. தட்டின் ஓரத்தில் கோடாக மங்கினால் பேக்கிங்.

பெட்ரோல் ஊற்றும் வாய்க்கும் டேங்குக்கும் நடுவே உள்ள பெரிய ரப்பர் குழாய், அதன் மேல் மூடி, மூடிக்குள் இருக்கும் வாஷர், இவற்றையும் விடாதீர்கள். வாய் வரை நிரப்பும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு விரியும். பங்கின் நிலத்தடித் தொட்டியிலிருந்து 27 டிகிரியில் வாங்கிய 50 லிட்டர், வெயிலில் 42 டிகிரி ஆனால் முக்கால் லிட்டர் கூடிவிடும். இடமில்லாத அந்த முக்கால் லிட்டர், எந்தப் பேக்கிங் பலவீனமோ அங்கே வழி தேடும்.

எஸ்யூ_பிஸ்டன்:

பின்பக்கம் என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் முன்பக்கத்தைப் பார்க்காமலே விட்டுவிடக் கூடாது. ஒரே வண்டியில் இரண்டு கசிவு இருப்பது அபூர்வம் இல்லை. ஒன்றைச் சரிசெய்த பிறகும் வாடை வந்தால் செய்த வேலை வீண் என்று நினைக்கத் தோன்றும்.

முதலில் டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். ஆயில் மட்டம் மேல் கோட்டைத் தாண்டி, பெட்ரோல் வாடையும் அடித்தால் பம்ப் டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல், இன்ஜின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்புக்கு இறங்குகிறது என்று அர்த்தம். சேம்பருக்குள் பெட்ரோல் வருவதை நிறுத்தும் ஊசி வால்வு மூடாமல் கார்புரேட்டர் நிரம்பி வழிந்தாலும் இதே நடக்கும். அந்த நிலையில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே கூடாது. நீர்த்துப்போன ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும், சம்ப்புக்குள் இருக்கும் ஆவி அதைவிட மோசம். காரணத்தைச் சரிசெய்து, ஆயிலும் ஃபில்டரும் மாற்றிய பிறகுதான் சாவி.

எஸ்.யூ.வில் பார்க்க வேண்டிய இடம் ஃப்ளோட் சேம்பரின் அடிப்பக்கம். அங்கிருந்து ஜெட்டுக்குப் போகும் நைலான் குழாயின் நட்டைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். அழுக்கும் ஆயிலும் படிந்த இடத்தில் கழுவிவிட்டாற்போல் ஒரு சுத்தமான கோடு தெரிந்தால், அல்லது தேன் நிறத்தில் பிசின் படிந்திருந்தால், கசிந்து கசிந்து காய்ந்த தடம் அது. நட்டை இன்னும் முறுக்கினால் நிற்காது. உள்ளே இருக்கும் ரப்பர் சீலை மாற்ற வேண்டும். திரும்பப் போடும்போது குழாயின் முனை சீலுக்கு வெளியே சுமார் 5 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சீல் பிடிக்காது.

சேம்பர் மூடியிலிருந்து கீழே இறங்கும் வழிகுழாயின் வாய் ஈரமாக இருந்தால் ஊசி வால்வு ஒழுங்காக மூடவில்லை. மூடியைத் தலைகீழாகப் பிடித்து, ஃப்ளோட்டின் நெம்புக்கும் மூடி விளிம்புக்கும் இடையே 1/8 முதல் 3/16 அங்குல இடைவெளி இருக்கிறதா பாருங்கள். டிரில் பிட்டையே அளவுகோலாக வைக்கலாம். இன்னொன்று: யாராவது இன்ஜெக்ஷன் கார் பம்பை மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். எஸ்.யூ. ஊசி வால்வுக்கு 3 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும், அந்தப் பம்ப் 40-க்கு மேல் தள்ளும்.

முன்னா பின்னா என்று தீர்மானமாகத் தெரிய: வண்டி திறந்த வெளியில், டேங்க் கால் அளவுக்குக் கீழே, இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பம்புக்கு வரும் ஹோஸைக் கழற்றி, நுனியில் 8 மி.மீ. போல்ட்டைச் செருகி கிளிப் போடுங்கள். சிந்தியதைத் துடைத்து, ஆவி போகப் பத்து நிமிடம் விட்டு, பேட்டரியை மாட்டி, சேம்பர் காலியாகி இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். நின்றதும் பேட்டரியை மறுபடி கழற்றிவிட்டு, வண்டியைத் தள்ளி உள்ளே நிறுத்துங்கள். முன்பக்கம் இப்போது உலர்ந்துவிட்டது. இன்வெர்ட்டரை அணைத்து வைத்து ஓர் இரவு விட்டுப் பாருங்கள். காலையில் அதே வாடை அடித்தால் பின்பக்கம்தான்.

மார்க்3_கோவை:

எல்லாம் பார்த்தேன். வண்டி வெளியே நின்ற இரண்டு நாளில் ஷெட் சுத்தமாகிவிட்டது. டிப் ஸ்டிக் சரி, ஜெட் குழாய் உலர்ந்திருக்கிறது. முன்பக்கத்தை உலர்த்தி நிறுத்தியும் வாடை முக்கால்வாசி அப்படியே இருந்தது. டேங்கிலிருந்து இரும்புக் குழாய்க்குப் போகும் ஹோஸைத் துடைத்த துணி பத்தடி தள்ளியும் பெட்ரோல் அடித்தது. ஃப்ளோட் தட்டில் இரண்டு ஸ்க்ரூவைச் சுற்றிப் பவுடர் மங்கியிருக்கிறது. தட்டுக்கு சிலிக்கான் தடவி இறுக்கிவிடலாமா? டேங்க் அடித் தையலில் கொஞ்சம் துருவும் தெரிகிறது. டிக்கி விரிப்பில் வாடை ஏறியிருக்கிறது.

டேங்க்_வேலை:

சிலிக்கான் வேண்டாம். பெட்ரோலில் ஊறி ஜெல்லிபோல் உரிந்து டேங்குக்குள் விழும், பிறகு ஃபில்டரை அடைக்கும். கார்க்கில் ஷெல்லாக் தடவுவது பழைய பட்டறை வழக்கம். ஷெல்லாக் எத்தனாலில் கரையும், இன்றைய பெட்ரோலுக்கு அது உதவாது. பெட்ரோலைத் தாங்கும் ரப்பரான விட்டான் ஷீட் 1.5 அல்லது 2 மி.மீ. கனத்தில் வாங்கி, பழைய தட்டை அச்சாக வைத்து வெட்டிக்கொள்ளுங்கள். தட்டு வளைந்திருந்தால் சமமான பரப்பில் வைத்துத் தட்டி நேராக்குங்கள். ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் புது ஃபைபர் வாஷர் போட்டு, எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே பக்கமாக இறுக்கினால் தட்டு மறுபக்கம் தூக்கிக்கொள்ளும்.

ஹோஸ் வாங்கும்போது மேலே எஸ்.ஏ.ஈ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருக்க வேண்டும். எல்லா இடத்திலும் அதையே போடுங்கள், ஒரு துண்டுகூடப் பழையது மிஞ்ச வேண்டாம். பல் வெட்டிய கிளிப் ரப்பரை அறுக்கும், ஆகவே விளிம்பு மடித்த கிளிப் வாங்குங்கள். ரப்பர் லேசாகப் பிதுங்கும் வரை முறுக்கினால் போதும். இரும்புக் குழாய் நட்டுகளில் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம். அதன் துணுக்கு ஊசி வால்வில் போய் உட்கார்ந்தால் புதிதாக ஒரு கசிவு ஆரம்பிக்கும்.

துருவை ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். உள்வாங்கினால் டேங்கை இறக்கியே ஆக வேண்டும். ஊசித் துளைக்கு பார் சோப் தேய்ப்பதும் எம்-சீல் ஒட்டுவதும் பட்டறை வரை போய்ச் சேர மட்டும்தான். டேங்கை வண்டியிலேயே வைத்து யாரும் வெல்டிங் வைக்க விடாதீர்கள். காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்து, உள்ளே இருப்பது முழுக்க ஆவி. ரேடியேட்டர் கடையில் வெந்நீரும் சோப்பும் விட்டுப் பலமுறை கழுவி, துளை மட்டம் வரை தண்ணீர் நிரப்பி, ஈயப் பற்று வைக்கச் சொல்லுங்கள். பிறகு சோதிக்க சைக்கிள் பம்பால் 1 பி.எஸ்.ஐ. காற்று, மேலே சோப்புத் தண்ணீர். கம்ப்ரஸரை நேராக மாட்டினால் டேங்க் உப்பிவிடும். 2014-ல் உத்தர்பாராவில் தயாரிப்பு நின்ற வண்டி, நல்ல டேங்க் கிடைப்பது சுலபமில்லை.

டிக்கி விரிப்பு சணல் என்றால் தூக்கிப் போட்டுவிடுங்கள். துவைத்தாலும் வெயில் ஏறும்போதெல்லாம் வாடை விடும், கசிவு நின்றதா இல்லையா என்று குழப்பும்.

சோக்_கேபிள்:

வேலை முடிந்ததும் கால் டேங்கில் இரண்டு இரவு, முக்கால் டேங்கில் இரண்டு இரவு நிறுத்திப் பாருங்கள். முதலில் வாடை இல்லாமல் இரண்டாவதில் வந்தால் ஊற்றும் வாயின் ரப்பர் குழாயும் மாற்ற வேண்டியதுதான். அதற்கிடையில் எதிரெதிர்ச் சுவர்களில் தரையை ஒட்டி ஒன்பது அங்குல ஜாலி ஒவ்வொன்று வைத்துவிடுங்கள். ஜன்னல் உயரத்தில் திறப்பு இருந்து இந்த ஆவிக்குப் பயனில்லை. இன்வெர்ட்டரையும் ஸ்டார்ட்டரையும், வாடை நின்றாலும் சரி, வெளிச்சுவருக்கு மாற்றிவிடுங்கள்.